கதாபாத்திரத்தின் தாயத்து ஏன் வேலை செய்வதில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சகுனம் பார்க்கும் மாமா, தாயத்துக் கட்டிய ஓட்டுநர், ராசியான சட்டையைத் துவைக்காமலேயே தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போகும் மாணவன் ஆகியோரில் ஒருவரையாவது எழுதாத கதையாசிரியர் குறைவு. ஒரே வரியில் ஆளை அடையாளம் காட்டிவிடலாம் என்பதால் இந்தப் பழக்கங்கள் கைக்கு எளிதாக வந்துவிடுகின்றன. எளிதாக வந்ததாலேயே பழுதாகியும் விடுகின்றன. கையெழுத்துப் படியை மறுபடியும் படிக்கும்போது ஏதோ ஒட்டவில்லை என்று தெரிகிறது, ஆனால் எந்த இடத்தில் ஒட்டவில்லை என்று பிடிபடுவதில்லை. அந்த நேரத்தில் எடுத்துப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் படியில் தென்படும் அறிகுறியைத் தேடி, அங்கிருந்து தொடங்கலாம்.

உதாரணத்துக்கு வேறொருவர் கதையைக் குறை சொல்லாமல், நான் பல முறை திருத்தி எழுதிய என் கதை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். அதன் நாயகர் ஐம்பது வயதைத் தாண்டிய நாதஸ்வரக் கலைஞர். ஊர்க் கோயில் சேவகமும் முகூர்த்த நாட்களின் கல்யாணக் கச்சேரிகளும்தான் அவருடைய பிழைப்பு. முதல் படியில் அவர் கழுத்தில் ஒரு வெள்ளித் தாயத்தை மாட்டியிருந்தேன். கச்சேரிக்குக் கிளம்பும்போதெல்லாம் அதை ஒரு முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கீழே வரும் பழுதுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு தாயத்திலேயே இருந்தன.

தொடங்கும் முன் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். அந்த நம்பிக்கை வரும் வரிகளையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுக் கதையை முதலிலிருந்து படியுங்கள். எதுவுமே குறையவில்லை என்றால் முதல் அறிகுறிக்குப் போகலாம். கதையே விழுந்துவிடுகிறது என்றால் நான்காவதற்குப் போகலாம். கதை நிற்கிறது, ஆனால் ஆள் சற்றே மங்கிவிட்டார் என்றால் அடிப்படை சரியாகவே இருக்கிறது. மற்ற அறிகுறிகளை மட்டும் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

அறிகுறி 1: நீக்கினாலும் கதை அசையாமல் நிற்கிறது

தாயத்து ஆளின் மேல் மாட்டப்பட்டிருக்கிறதே தவிர, அவருடைய அச்சத்திலிருந்து முளைக்கவில்லை என்பதே இதன் காரணம். இதை எனக்குத் தெளிவாக்கியவர் ஒரு மானிடவியலாளர். முதல் உலகப் போர்க் காலத்தில் நியூகினிக்குக் கிழக்கே உள்ள டிரோபிரியண்ட் தீவுகளில் தங்கியிருந்த பிரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி, அங்குள்ள மீனவர்களிடம் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். கரையை ஒட்டிய அமைதியான காயலில் மீன் பிடிக்கும்போது அவர்கள் மந்திரச் சடங்கு எதையும் செய்வதில்லை. அங்கே மீனும் நிச்சயம், உயிரும் நிச்சயம். அதே மீனவர்கள் திறந்த கடலுக்குப் போகும்போது, மீன் கிடைக்குமா என்பதும் திரும்பி வருவோமா என்பதும் தெரியாத நிலையில், விரிவான சடங்குகளைச் செய்தார்கள். அறிவுள்ளவர், அறிவில்லாதவர் என்று ஆட்களைப் பிரித்து இதை விளக்க முடியாது. ஒரே ஆள்தான் காயலிலும் இருக்கிறார், கடலிலும் இருக்கிறார்.

ஆகவே, உங்கள் பாத்திரத்தின் வேலையில் எது காயல், எது கடல் என்று கேட்டுப் பாருங்கள். என் கலைஞருக்குத் தோடி ராகம் காயல். நாற்பது ஆண்டு வாசித்த கை அதை மறக்காது. அவருடைய கடல் சீவாளியில் இருந்தது. நாணலில் செய்து, கெண்டை என்னும் சிறு உலோகக் குழலில் பொருத்தி வாயில் வைத்து ஊதும் அந்தச் சின்னத் துண்டு, எச்சிலின் ஈரத்தையும் மண்டபத்தின் காற்றையும் பொறுத்து நேரத்துக்கு நேரம் குணம் மாறுவது. காலையில் இழைந்து பேசியது முகூர்த்த நேரத்தில் பிசிறடிக்கலாம். அதுவும் எந்த நேரத்தில்! தாலி கட்டும் நொடியில் யாராவது தும்மினாலோ அமங்கலமான சொல் எதையாவது சொன்னாலோ அது மணமக்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம் கொட்டுகிறோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மற்றவர்களுடைய தீய சகுனத்தை மறைப்பதற்குக் கூலி வாங்கும் ஒருவருக்கு, தன் குழல் அந்த நொடியில் பிசிறிவிடுமோ என்ற பயம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்த வெள்ளித் தாயத்து எவ்வளவு பொருத்தமற்றது என்று எனக்கு உறைத்தது.

தாயத்தைக் கழற்றினேன். நாதஸ்வரத்தின் மேல்முனையில் மாற்றுச் சீவாளிகளும், அவற்றைச் சரிசெய்யும் ஊசியும் கொத்தாக நூலில் தொங்கும். அந்தக் கொத்தில், வாசிக்கவே உதவாத பழைய சீவாளி ஒன்றையும் தொங்கவிட்டேன். நுனி பிளந்து, வெற்றிலைச் சாறு ஊறிக் கறுத்துப்போனது. முதன்முதலாகத் தனியாக வாசித்துப் பெயர் வாங்கிய கல்யாணத்தில் அவர் வாயில் இருந்தது. கொத்தோடு கொத்தாகக் கிடப்பதால் மற்றவர் கண்ணுக்கு அது ஒரு நம்பிக்கைப் பொருளாகவே தெரியாது. இந்த மாற்றத்துக்குப் பின் பென்சில் சோதனையைச் செய்தபோது இரண்டு காட்சிகள் காலியாயின. சோதனையில் தேறியது என்று அதற்குப் பொருள்.

அறிகுறி 2: இந்த நம்பிக்கை எந்த ஊருக்கும் பொருந்தும்போல் இருக்கிறது

குறுக்கே போகும் பூனை, ஒற்றைத் தும்மல், பல்லி சொல்வது ஆகிய மூன்றும் நம் கதைகளில் தேய்ந்த காசுகள். அவை பொய் என்பதால் அல்ல, யார் கையிலும் இருப்பவை என்பதாலேயே எவரையும் அடையாளம் காட்டுவதில்லை. வெள்ளிக்கிழமையில் வரும் 13ஆம் தேதிக்கும் நாலிலைப் புல்லுக்கும் தஞ்சாவூர்க் கதையில் என்ன வேலை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சகுனம் குலத்துக்கும் தொழிலுக்கும் உரியது என்பதைச் சிலப்பதிகாரத்தைவிடக் கூர்மையாகக் காட்டிய இடம் எனக்குத் தெரியாது. கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு மதுரை வீதிக்குப் புறப்படுகிறான். ஆயர் சேரியில் ஒரு காளை அவனை எதிர்த்துப் பாய வருகிறது. மாடு மேய்ப்பவர்களுக்கு அது கெட்ட நிமித்தம். கோவலனோ வணிகர் மகன். 'இமில் ஏறு எதிர்ந்தது இழுக்கு' என்பதை அவன் அறியவில்லை, தன் குலத்தார் அறியும் தகுதி உடையது அன்று ஆதலால், என்று இளங்கோ காரணமும் சேர்த்துச் சொல்லிவிட்டு நகர்கிறார். ஒரே வரியில் அவன் அந்த இடத்துக்கு அந்நியன் என்பது தெரிகிறது; கூட ஓர் ஆயர் இருந்திருந்தால் தடுத்திருப்பாரே என்ற பதைப்பும் நமக்கு வந்துவிடுகிறது. உங்கள் பாத்திரம் அறிந்த சகுனத்தைப் போலவே, அவருக்குத் தெரியாத சகுனமும் அவரை வரையும்.

எனவே தொழிலின் நம்பிக்கையைத் தேடுங்கள். தள்ளுவண்டிக்காரருக்குப் போணி இருக்கிறது. காலையில் முதலில் வந்த காசை வாங்கிக் கண்ணில் ஒற்றி, சரக்கின் மேலும் தடவிவிட்டுப் பெட்டியில் போடுகிறவர், போணி ஆகும் முன் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போகிறவரை எப்படிப் பார்ப்பார் என்பதை எழுதினால், அந்தப் பார்வைக்குள் அன்றைய வட்டிக்காசும் தெரியும். லாரிக்காரருக்குச் சக்கரத்தின் அடியில் நசுக்கும் எலுமிச்சம்பழம் இருக்கிறது. படப்பிடிப்பின் கடைசி நாளில் உடைபடும் பூசணிக்காய் திரைத்துறையினருக்கு இருக்கிறது.

இதே அறிகுறியில் ஒரு கிளைப் பழுது உண்டு: நேரக் கணக்குத் தவறுவது. 'செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, ராகுகாலம் தொடங்கிவிட்டது' என்று அச்சான கதையையே படித்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மாலை 3 மணியிலிருந்து 4.30 வரை. நாட்காட்டி கையில் இல்லாவிட்டால், 'திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்ற பழைய வாய்பாடு போதும்: திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்ற அந்த வரிசையில், திங்கள் காலை 7.30க்குத் தொடங்கி நாளுக்கு ஒன்றரை மணி நேரமாக ஏறிக்கொண்டே போகும். விரலை மடக்கி இந்த வாய்பாட்டை முணுமுணுக்கும் பாட்டி, சுவர் நாட்காட்டியை அண்ணாந்து பார்க்கும் மருமகள், கைப்பேசியில் அறிவிப்பு வைத்திருக்கும் பேரன் என்று மூன்று தலைமுறையை மூன்று கையசைவுகளில் காட்டிவிடலாம். கனடாவில் நடக்கும் கதை என்றால் இன்னும் ஒரு வசதி இருக்கிறது. ராகுகாலம் என்பது பகற்பொழுதின் எட்டில் ஒரு பங்கு. டொராண்டோவில் டிசம்பர் கடைசியில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு; அப்படியானால் பங்கு ஏறத்தாழ 67 நிமிடம்தான். ஊரிலிருந்து வந்த நாட்காட்டியின் ஒன்றரை மணி நேரத்தை அங்கேயும் கடைப்பிடிக்கும் பெரியவருக்கும், அந்த ஊர்ச் சூரியனை வைத்துக் கணக்குப் போடும் அவர் தம்பிக்கும் இடையே ஒரு நல்ல சண்டை காத்திருக்கிறது.

அறிகுறி 3: பாத்திரம் முட்டாளாகத் தெரிகிறார்

வாசகர் பாத்திரத்தோடு சேர்ந்து சிரித்தால் கவலையில்லை. பாத்திரத்தைப் பார்த்துச் சிரித்தால், எழுதியவரின் ஏளனம் வரிகளில் கசிந்திருக்கிறது என்று பொருள். முதலில் சொற்களைச் சோதியுங்கள். 'மூடநம்பிக்கை' என்பது வெளியே நின்று தீர்ப்புச் சொல்லும் சொல். சுயமரியாதை இயக்க மேடைகளில் அது ஓர் ஆயுதமாகவே புழங்கியது. அந்த மேடைக்கு அது சரியான சொல். ஆனால் நம்புகிறவர் வாயிலோ மனத்திலோ அது ஒருநாளும் வராது. அவர் ஐதீகம் என்பார், சம்பிரதாயம் என்பார், வீட்டு வழக்கம் என்பார். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் 'ஒரு சென்டிமென்ட்தான்' என்று சிரித்து மழுப்புவார். இந்தச் சொற்களில் எதை எடுக்கிறார் என்பதிலேயே வயதும் வர்க்கமும் வந்துவிடும்.

அடுத்ததாக, நம்பிக்கை பிறந்த நாளைக் கண்டுபிடியுங்கள். உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1948இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தானாகவே தீனி வரும்படி அமைத்தார். எட்டுப் புறாக்களில் ஆறு, தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததைத் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ஒன்று இடப்புறமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொன்று கூண்டின் மூலையில் தலையை நீட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அவருடைய விளக்கத்தை மறுத்திருக்கிறார்கள். கதையாசிரியருக்கு அந்த வழக்கில் தீர்ப்புத் தேவையில்லை. தலையை நீட்டிய நேரத்தில் தீனி வந்த அந்த முதல் தருணம் உங்கள் பாத்திரத்துக்கும் ஒன்று இருக்க வேண்டும் என்பதே நமக்கு வேண்டியது. கதையில் எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

'இவர் படித்தவராயிற்றே, நம்புவாரா' என்று தயங்குகிறவர்களுக்கு நான் டேவிட் ஷெப்பர்டை நினைவூட்டுவேன். 92 டெஸ்ட் போட்டிகளில் நடுவராக நின்ற இங்கிலாந்துக்காரர் அவர். பதற்றமில்லாமல், பக்கச்சார்பில்லாமல் தீர்ப்புச் சொல்வதே அவருடைய தொழில். ஆனால் ஓட்ட எண்ணிக்கை, கிரிக்கெட்டில் ராசியில்லாததாகக் கருதப்படும் 111இல் வந்து நின்றால், அது மாறும்வரை ஆடுகளத்திலேயே காலைத் தூக்கித் தூக்கித் துள்ளுவார். 222க்கும் அப்படித்தான். தீர்ப்பின் நேர்மைக்கும் அந்தத் துள்ளலுக்கும் அவருக்குள் எந்தத் தகராறும் இருந்ததில்லை. நம்மில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட அரை நம்பிக்கையில்தான் வாழ்கிறோம். 'நான் இதையெல்லாம் நம்புறதில்ல, எதுக்கும் இருக்கட்டும்' என்கிற அந்த 'எதுக்கும்' என்ற சொல் முழு நம்பிக்கையைவிடக் கதைக்கு வளமானது.

நம்பாதவரையும் இதே கவனத்தோடு எழுத வேண்டும். சுயமரியாதைத் திருமணங்கள் சிலவற்றை வேண்டுமென்றே ராகுகாலத்தில் நடத்தினார்கள். அப்படி நடத்துகிறவரும் அன்று கடிகாரத்தைப் பார்த்தாக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கதாசிரியச் சபலம் உண்டு; அதில் நையாண்டியை ஏற்றாமல், பாட்டனாரின் கடிகாரத்தையே எதிர்த்திசையில் திருப்பி வைக்கும் பேரனின் உறுதியாக எழுதினால் அந்த ஆள் நிமிர்ந்து நிற்பார். மறுப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். கணவன் திரும்பி வரச் சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற துறைகளில் மூழ்கிக் காமன் கோட்டம் தொழலாம் என்று தோழி தேவந்தி சொன்னபோது, கண்ணகி பலிக்காது என்று வாதாடவில்லை. 'பீடு அன்று' என்றாள். பெருமை இல்லை என்ற அந்த இரண்டு சொற்களில் அவளுடைய முழு உருவமும், பின்னால் மதுரையில் நடக்கப் போவதும் அடங்கியிருக்கின்றன.

அறிகுறி 4: சகுனம் ஒவ்வொரு முறையும் பலிக்கிறது

விளக்கு அணைந்ததும் தந்தி வருகிறது. தாயத்து அறுந்ததும் விபத்து நடக்கிறது. இப்படி எழுதினால் பாத்திரத்தின் குணம் உலகத்தின் விதியாகிவிடுகிறது. அமானுஷ்யக் கதை எழுதுகிறவர்களுக்கு அது வேண்டியதுதான். மற்றவர்களுக்கு அது பழுது. பலிக்கிற சகுனத்தை நம்புவதில் மனிதரின் குணம் என்ன இருக்கிறது?

திருத்தம் இரண்டு வகை. முதலாவது, ஒரே சகுனத்தை இருவர் கேட்கும்படி செய்வது. முல்லைப்பாட்டில் போருக்குப் போன தலைவன் திரும்பவில்லை. முதிய பெண்கள் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவி விரிச்சி கேட்டு, அதாவது தற்செயலாகக் காதில் விழும் சொல்லைச் சகுனமாக எடுத்துக்கொள்ளக் காத்து நிற்கிறார்கள். அங்கே குளிரில் நடுங்கும் தோளில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் ஆய்ப்பெண், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம், இதோ வந்துவிடுவார்கள் உன் தாய்மார் என்கிறாள். கன்றுக்குச் சொன்ன ஆறுதலை முதியவர்கள் நல்ல நிமித்தமாக எடுத்துக்கொண்டு வந்து தலைவியிடம் சொல்கிறார்கள். தலைவி அதற்குப் பின்னும் அழுகிறாள். சொல் ஒன்றுதான். கேட்டவர்களின் வயதும் இழப்பும் வேறு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நிமித்தத்தைச் சொன்ன பெண்ணுக்குத் தான் நிமித்தம் சொன்னதே தெரியாது என்பது.

இரண்டாவது, சகுனம் ஒருமுறை பொய்க்கட்டும். பொய்த்த பின் பாத்திரம் என்ன சொல்கிறார் என்பதே அவருடைய உண்மையான அறிமுகம். பரிகாரத்தைச் சரியாகச் செய்யவில்லை என்று தன்னை நொந்துகொள்கிறவர் ஒருவர். இதைவிடப் பெரியதாக வர இருந்தது, இதோடு போயிற்று என்று நன்றி சொல்கிறவர் இன்னொருவர். யாருடைய கண் பட்டது என்று வீட்டுக்குள்ளேயே தேடத் தொடங்குகிறவர் மூன்றாமவர். மூன்றாமவரை எழுதத் தொடங்கினீர்கள் என்றால் அடுத்த அறிகுறியின் வாசலுக்கு வந்துவிட்டீர்கள்.

அறிகுறி 5: நம்பிக்கை அழகாக இருக்கிறது, யாருக்கும் வலிக்கவில்லை

என் பார்வையில் இதுதான் பெரிய பழுது. அதிகம் தென்படுவதும் இதுதான். தாத்தாவின் தாயத்து, பாட்டியின் திருஷ்டி மிளகாய் என்று எல்லாம் ஒரு மஞ்சள் வெளிச்சத்தில் வந்துபோகும். ஆனால் சகுனம் என்பது பூனையோடு நிற்பதில்லை, மனிதர்களையும் சகுனமாக்குகிறது. மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண்ணின் சாதகம் மாமனாருக்கு ஆகாது என்று திரும்பி வருகிறது. ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது. வந்த ஆண்டிலேயே கடை நொடித்தால் மருமகள் ராசியில்லாதவள் ஆகிறாள். கணவனை இழந்தவர் எதிரே வரக் கூடாது என்று சொல்லப்படாத வீடு குறைவு. நம்புகிறவருக்கு ஆறுதல் தரும் பழக்கத்தின் விலையை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தேடிப் பிடிப்பதே திருத்தம்.

என் கதையில் அவர் முதலிலிருந்தே வீட்டில் இருந்தார்; நான்தான் பார்க்கவில்லை. கலைஞரின் அக்கா. முப்பது வயதில் கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். முதல் இரண்டு படிகளில் அவர் சோறு வைத்தார், பாத்திரம் கழுவினார், அவ்வளவுதான். மூன்றாம் படியில், தம்பி கச்சேரிக்குக் கிளம்பும் ஐந்து நிமிடத்தை அக்காவின் இடத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். 'எதிரே வராதே' என்று அவரிடம் யாரும் எப்போதும் சொன்னதில்லை. சொல்லாமலேயே அவர் கற்றுக்கொண்டிருந்தார். கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் நின்றபடி காதால் மட்டுமே அந்த ஐந்து நிமிடத்தைப் பின்தொடர்கிறார்: நாதஸ்வரத்தை உறையில் நுழைக்கும்போது அதன் அகன்ற அடிமுனையான அணசு கதவில் இடிக்கும் ஓசை, தம்பி மனைவி சொம்பில் தண்ணீர் எடுக்கும் ஓசை, 'வரேன்' என்ற குரல், தவில்காரரின் வண்டி இரண்டு முறை முனகிவிட்டுக் கிளம்புவது. தெருமுனையில் வேகத்தடை ஒன்று இருக்கிறது. அதில் வண்டி ஏறி இறங்கும் சத்தம் கேட்கும்வரை அவர் வாளியைக் கூடக் கீழே வைப்பதில்லை. அது கேட்ட பிறகுதான் வீட்டுக்குள் வருகிறார்.

இதை எழுதி முடித்தபோது, தம்பியின் பழைய சீவாளி யாருடைய கையால் கட்டப்பட்டது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. கொத்தின் நூலை எப்போதும் அக்காதான் கட்டிக் கொடுக்கிறார். சிறு வயதிலிருந்து வந்த பழக்கம் அது. அவருடைய முடிச்சு ஒருபோதும் அவிழ்ந்ததில்லை. முகூர்த்தத்துக்கு எதிரே வரக் கூடாத கை போட்ட முடிச்சில்தான் தம்பியின் அதிர்ஷ்டம் தொங்குகிறது. இதை வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை. இந்த முரணைப் பாத்திரங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அடுத்த பழுது வந்துவிடும்.

அறிகுறி 6: விளக்கம் நீள்கிறது

மிளகாயும் உப்பும் ஏன் சுற்றிப் போடுகிறோம், வாசலில் சாணம் தெளிப்பதன் அறிவியல் என்ன என்றெல்லாம் ஒரு பாத்திரம் இன்னொருவருக்குப் பாடம் எடுக்கிறதா? அந்தப் பத்தியை நீக்கிவிடுங்கள். ஒரே வீட்டில் வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் இதை விளக்கிக்கொள்வதில்லை. வெளியூர் வாசகருக்குப் புரியாதே என்ற கவலை இருந்தால், மிளகாய் நெடி வந்தால் ஒரு விதமாகவும் வராவிட்டால் ஒரு விதமாகவும் முகம் மாறும் ஓர் ஆளைக் காட்டினால் போதும்.

அறிகுறி 7: இரண்டாம் அத்தியாயத்துக்குப் பின் பொருளைக் காணவில்லை

இது பெரும்பாலும் மறதிதான். பொருள் வரும் பக்கங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதன் நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புக் கயிறு வெளுக்கும். செப்புத் தாயத்தில் களிம்பு ஏறும். அரைஞாண் குழந்தைக்கு இறுகும். பொருளின் வயது ஆளின் வயதையும் சொல்லிவிடும் என்பதற்குப் புறநானூற்றின் 77ஆம் பாட்டு நல்ல சான்று. தலையாலங்கானத்தில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் தேரில் நிற்கும் காட்சி அது. சிறுவர்களுக்குக் காப்பாகக் கட்டும் ஐம்படைத்தாலியை அவன் இன்னும் கழற்றவில்லை, பாலை விட்டுச் சோறு உண்டதும் இன்றுதான், என்கிறார் இடைக்குன்றூர் கிழார். அவன் அந்தத் தாலியை நம்பினானா என்பது பற்றிப் பாட்டில் ஒரு சொல் இல்லை. கழற்ற நேரமில்லாத அவ்வளவு சிறிய கழுத்து என்பது மட்டும் தெரிகிறது. என் கதைக்கும் இந்தக் கணக்கைப் போட்டபோது, சீவாளிக் கொத்தின் நூல் எந்த நிறம் என்று நான் எங்குமே சொல்லாதது அகப்பட்டது. அக்காவின் பழைய பச்சைச் சேலைக் கரையிலிருந்து உருவிய நூல் என்று முதல் பக்கத்திலேயே சேர்த்தேன்.

அறிகுறி 8: பாத்திரம் தாயத்தை ஆற்றில் எறிகிறார், கதை முடிகிறது

மனம் மாறியதைக் காட்டுவதற்கு இதைவிடச் சோம்பலான வழி கிடையாது. பல ஆண்டுப் பழக்கத்தை அப்படி யாரும் எறிவதில்லை. கழற்றி அலமாரியில் வைப்பார்கள். தம்பி மகனுக்குக் கட்டிவிடுவார்கள். அறுந்து விழுந்ததைத் தேடாமல் இருந்துவிட்டு, இரவில் ஒரு முறை தேடுவார்கள். நம்பிக்கை முழுவதுமாகப் போக வேண்டியதில்லை. அதன் ஒரு சிறு பகுதி தளர்ந்தால் போதும், அந்தத் தளர்வு எந்தப் பகுதியில் என்பதை மட்டும் ஆசிரியர் சரியாகத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

என் முதல் படியிலும் ஆறு இருந்தது, காவிரிதான். இப்போது உள்ள படியில் கலைஞர் பழைய சீவாளியை விடவில்லை, விடவும் மாட்டார். கடைசிக் காட்சியில் தவில்காரரின் வண்டி வாசலில் நிற்கிறது. அவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்: 'அக்கா, நூலு அவுந்துபோச்சு. கொஞ்சம் வந்து கட்டிக் குடு.' கிணற்றடியிலிருந்து உடனே பதில் வரவில்லை. தம்பி மனைவி சொம்பும் கையுமாக நடையில் நிற்கிறாள். பிறகு அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி நடையைத் தாண்டி, வாசலுக்கு, தம்பிக்கு நேர் எதிரே வந்து நிற்கிறார். கொத்தைக் கையில் வாங்குகிறார். பச்சை நூலில் தன் முடிச்சு இறுகியபடியே இருப்பதை விரலால் தடவிப் பார்க்கிறார். அவிழ்த்து மறுபடி கட்டுகிறார்.

இந்தக் காட்சி நிற்க வேண்டுமானால் முடிச்சு ஒருபோதும் அவிழ்ந்ததில்லை என்பது வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்காக ஐந்தாம் அறிகுறியில் சொன்ன வரியை இரண்டாம் காட்சிக்கு முன்னே நகர்த்தினேன். அன்றைய முகூர்த்தத்தில் சீவாளி பிசிறியதா, நன்றாகப் பேசியதா என்று எழுதவில்லை. எப்படி எழுதினாலும் நான்காம் அறிகுறி திரும்பி வந்துவிடும்.